பெயர் எழுதாத படங்கள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த வத்தேகம, பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறிச் செல்வோர்க்கு வாயில் போன்ற சிறு நகரம். இப்பகுதித் தோட்டக் குடும்பம் ஒன்றில் இருவகைப் படத் தொகுதிகள் இருக்கக்கூடும். ஒன்று, தகரப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் பாட்டி வைத்திருக்கும் முப்பது நாற்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். மற்றது, பேரனின் கைத்தொலைபேசியில் நிறைந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்கள். முதல் தொகுதியை எடுத்து நீட்டினால், பாட்டி ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் உறவுமுறையும் சொல்வார். இரண்டாவதில் சென்ற ஆண்டுத் தேர்த்திருவிழாப் படம் எங்கே என்று கேட்டால், பேரன் விரலால் தள்ளித் தள்ளி அலுத்துப்போவான். ஒழுங்கு என்பது பெட்டியிலும் இல்லை, கருவியிலும் இல்லை. பாட்டியின் நினைவில் இருக்கிறது.

அந்த நினைவைப் படத்தோடு சேர்த்து எழுதிவைப்பதே படங்களை ஒழுங்குபடுத்தும் வேலையின் உயிர்நிலை. 1870களில் கண்டியில் படநிலையம் நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன் போன்ற வணிகப் படப்பிடிப்பாளர், கண்ணாடித் தகட்டிலேயே எண்ணையும் தலைப்பையும் பொறித்தனர். அதனால்தான் எந்த மலை, எந்த ஆறு, எந்தத் தோட்டம் என்பதை இன்றும் அறிய முடிகிறது. ஆயினும் கொழுந்து கூடையுடன் நின்ற பெண்ணுக்கு அவர்கள் இட்ட தலைப்பு 'தமிழ்ப் பெண்' என்ற அளவோடு நின்றது. தோட்டத்துக்குப் பெயர் உண்டு, அவளுக்கு இல்லை.

இன்றைய டிஜிட்டல் படக்கருவி, எடுத்த நாளையும் நேரத்தையும் படக்கோப்பின் உள்ளேயே குறித்து வைக்கிறது. எக்ஸிஃப் எனப்படும் இக்குறிப்பு முறை 1995இல் வகுக்கப்பட்டது. இதனை முற்றும் நம்பிவிடலாகாது. மின்கலம் தீர்ந்த கருவியின் கடிகாரம் தொடக்க நாளுக்கே திரும்பிவிடுவதுண்டு. இலங்கையிலோ நேரமே மாறியது: 1996இல் இருமுறையும், 2006 ஏப்ரலில் மீண்டும் ஒருமுறையும் நாட்டின் நேரம் மாற்றப்பட்டது. அந்தச் சித்திரையில் கடிகாரத்தைத் திருத்தாத கருவி அம்மாற்றத்துக்குப் பின் எடுத்த படங்கள் அரைமணி பிசகி நிற்கும். வாட்ஸ்அப் வழியாக வழக்கம்போல் அனுப்பிய படத்தில் இக்குறிப்பே நீங்கிவிடும். பழைய படத்தை ஸ்கேன் செய்தாலோ, பாட்டியின் திருமணம் போன வாரம் நடந்ததாகக் கணினி காட்டும்! ஆகவே, தேதியை மனிதரே சரிபார்த்தல் வேண்டும்.

வேலையைத் தொடங்குவோர், சிதறிய படங்களை எல்லாம் முதலில் ஓரிடத்தில் சேர்ப்பது நன்று. ஒரே கோப்பு இரட்டித்திருப்பின் அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் ஒன்றையொன்று ஒத்த ஐந்து படங்களுள் எதை வைத்திருப்பது என்பதைக் கண்ணே தீர்மானிக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு கோப்புறையும், அதனுள் நிகழ்ச்சிக்கு ஒன்றும் போதும். பெயரிடுகையில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் இறுதியில் வரவேண்டும்: 2014-04-14. நாளை முன்னே வைத்தால், எல்லா ஆண்டுகளின் பதினான்காம் தேதிகளும் ஒன்றாய்க் கூடிக் குழம்பும். உறவினர் வாரியாகக் கோப்புறை பிரிப்பது வீண் வேலை. ஒரு திருமணப் படம் பெண் வீட்டுக்கும் உரியது, மாப்பிள்ளை வீட்டுக்கும் உரியது. பெயர், ஊர், உறவு ஆகியவற்றைப் படக்கோப்பினுள் குறிச்சொற்களாக எழுதிவிட்டால், ஒரே படம் எந்த வழியில் தேடினாலும் அகப்படும். டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன.

ஊர்ப்பெயரில் ஒரு சிக்கல் உண்டு. வத்தேகம என்று ஒருவர் எழுதுவார். வத்துகாமம் என்று மற்றொருவர் எழுதுவார். ஆங்கில எழுத்தில் இன்னொரு வடிவம். தோட்டங்களுக்கோ துரைமார் இட்ட பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. ஒன்றைத் தலைமைப் பெயராகக் கொண்டு, மற்றவற்றையும் உடன் எழுதுதல் நலம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணகம், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண் வழங்கியிருக்கிறது. பெயர் எத்தனை வடிவில் எழுதப்பட்டாலும் எண் மாறுவதில்லை. வீட்டுத் தொகுதிக்கும் இது பொருந்தும்: காகிதப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓர் எண், ஸ்கேன் செய்த கோப்புக்கும் அதே எண்.

மலையகத்தார்க்கு இவ்வேலை பொழுதுபோக்கு அன்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அண்ணன் நீலகிரிக்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த வீடுகளில், ஒரே குடும்பப் படத்தின் இரு பிரதிகள் இரு நாடுகளில் உள்ளன. அன்று இருபது வயது மணப்பெண்ணாக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். அவர் இடமிருந்து வலமாகப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். எழுத்து வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். முகங்களை இனங்கண்டு ஒன்றுசேர்க்கும் மென்பொருள் இப்பொழுது உண்டு. எனினும், அஃது ஒரே முகம் என்று சொல்லுமே அன்றி, அவர் சின்னம்மாவா மாமியா என்று சொல்லாது.

பிரதி மூன்று, சாதனம் இருவகை, அவற்றுள் ஒன்று வெளியூரில் என்பது ஆவணக் காப்பாளர் பலர் கைக்கொள்ளும் விதி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி மாவட்டத்து மண்சரிவுகள் வீடுகளையே கொண்டுபோயின. கணினி இருக்கும் அதே அலுமாரியில் பூட்டிய வன்தட்டு இரண்டாம் பிரதியாகாது. கோத்தகிரியில் இருக்கும் உறவினரிடம் ஒரு வன்தட்டு இருக்கட்டும்.

வேலையை எங்கே தொடங்குவது? மாலைச் சூரியன், பிறந்தநாள் கேக் ஆகிய படங்கள் காத்திருக்கும். தகரப் பெட்டியே முதலில் திறக்கப்படவேண்டியது. பாட்டிக்கும் தெரியாத முகம் ஒன்று அதில் இருந்தால், 'பெயர் தெரியவில்லை, வத்தேகம, 1960 அளவில்' என்று எழுதி, எண்ணிட்டு, அதையும் கோத்தகிரிக்கு அனுப்பும் வன்தட்டில் சேர்த்தல் வேண்டும். அங்கிருக்கும் பெரியப்பா ஒருவர் அந்த முகத்தை அறிந்திருக்கக்கூடும்.