காத்திருப்புக்கும் கட்டணம் உண்டு

2018 ஜனவரியில் மாவட்டங்களில் ஓடும் டவுன் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாக ஏறியது; எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் 4 ரூபாய்க்கு இறங்கியது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அந்த 4 ரூபாயும் இல்லை. பலன் கண்கூடு. தமிழகம் முழுவதும் இந்தப் பேருந்துகளில் பெண்களின் பங்கு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 60-ஐத் தாண்டியது. பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. தூத்துக்குடியில் கூடையோடு மீன் விற்கப் போகிறவருக்கும், துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்கும் அது ஒரு வார மளிகை. இந்தத் திட்டம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ்ஸை விட்டு பைக்குக்குப் போனவர்களை இது திரும்ப அழைத்து வருமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை கட்டணத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது.

ஒரு நிறுத்தத்துக்கு அரை மணி நேரத்தில் இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அதே இரண்டு பஸ்ஸும் ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு, அடுத்த இருபத்தைந்து நிமிடம் எதுவும் வராவிட்டால்? ஆறு பேரில் ஐந்து பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். அவர்களுக்குச் சராசரி பன்னிரண்டரை நிமிடம், மீதி ஒருவருக்கு இரண்டரை. மொத்தச் சராசரி ஏறக்குறைய பதினொன்று. அட்டவணைப்படி பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை, காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய பாதி கூடிவிட்டது. இதில் ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், ஏற்றி இறக்கவே நேரமாகும், மேலும் தாமதமாகும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதை எட்டிப் பிடித்துவிடும். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் நிமிடம் மனத்துக்கு இரு மடங்கு பாரம் என்பது போக்குவரத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. அதுவும் தூத்துக்குடி மத்தியான வெயிலில்!

பயணக் கட்டணத்தின் வலிமை தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1906-இல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கொழும்புப் பயணிகளைப் பிடிக்க பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் இலவசமாகவே ஏற்றியது, குடையும் கொடுத்தது என்பார்கள். ஆள் சேர்க்க விலையைக் குறைப்பது போதும். சேர்ந்தவரைத் தக்கவைக்க கப்பல் நாளைக்கும், நாளை மறுநாளும் வர வேண்டும். எஸ்தோனியத் தலைநகர் தாலின் 2013-இல் தன் நகரவாசிகள் எல்லோருக்கும் பயணத்தை இலவசமாக்கியது. ஆய்ந்து பார்த்தபோது, பொதுப் போக்குவரத்தின் பங்கு கூடியது உண்மை. ஆனால் அப்படிக் கூடியதில் காரை விட்டு வந்தவர்களைவிட நடையை விட்டு வந்தவர்களே அதிகம்.

வசதி வந்தால் பைக் வாங்கத்தான் செய்வார்கள், அதைத் தடுப்பானேன் என்று கேட்கலாம். வாங்கட்டும். ஆனால் வீட்டில் நாலு பேருக்கு ஒரு பைக் என்றால், அதை எடுத்துப் போகிறவர் பெரும்பாலும் ஆண். பள்ளிப் பிள்ளையும் வயதானவரும் நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் நிலக்கரி லாரிகளுக்கும் நடுவே பைக்கில் போவதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி பஸ் விட்டால் நட்டம்தானே என்பது அடுத்த கேள்வி. 1972-இல் பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் காட்டியது இதற்குப் பதிலாகும்: பயணிகள் கூடினால் பஸ் கூடும், பஸ் கூடினால் ஏற்கெனவே பயணிப்பவர் ஒவ்வொருவரின் காத்திருப்பும் குறையும். அந்த நன்மை டிக்கெட் வசூலில் தெரியாது, அதனால்தான் பொதுப்பணம் அங்கே போவது நியாயமாகிறது. இதே சக்கரம் பின்னோக்கியும் சுழலும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு நடையை வெட்டினால் நான்கு பேர் பைக் வாங்குவார்கள், அவர்கள் போனதைக் காரணம் காட்டி அடுத்த நடையும் வெட்டப்படும்.

தூத்துக்குடியின் அமைப்பு பஸ்ஸுக்குச் சாதகம் என்பதுதான் என் வாதத்தின் மையம். கிழக்கே கடல், வடக்கிலும் தெற்கிலும் உப்பளங்கள். நகரம் பெரும்பாலும் மேற்கே, திருநெல்வேலி சாலையை ஒட்டித்தான் நீள முடியும். வாகைக்குளம் விமான நிலையம் அந்தப் பக்கம்தான். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்த சில்லாநத்தம் சிப்காட்டும் அந்தப் பக்கம்தான். நாலா பக்கமும் சிதறும் ஊருக்கு அடிக்கடி பஸ் விடுவது கடினம், ஒரே கோட்டில் நீளும் ஊருக்கு எளிது. அந்தச் சாலையில் சீரான இடைவெளியில் பஸ், சந்திப்புகளில் உள்தெருக்களுக்கு மினிபஸ் என்று பின்னினால் போதும். ஷிப்டு முடிகிற நேரத்தில் ஆலை வாசலில் பஸ் நிற்காவிட்டால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் சம்பளத்திலேயே பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுவார். ஒருமுறை தவணை கட்டத் தொடங்கியவரை எந்தச் சலுகையும் மீட்டுக் கொண்டுவராது.

இதுவரை நாம் எண்ணுவது ஏறியவர்களை மட்டுமே. நடத்துநர் கையிலுள்ள கருவி எங்கே, எத்தனை மணிக்கு டிக்கெட் கிழிந்தது என்பதையும் பதிவு செய்கிறது. இரண்டு பஸ்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அதிலிருந்தே நிறுத்தம் நிறுத்தமாகக் கணக்கிட்டு ஊருக்குச் சொல்லலாம். உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து அந்தக் கணக்கை ஆரம்பிக்கட்டும்.