தறிக்கு லீவு... அம்மாவுக்கு? - ஆரணி நெசவு வீடுகளில் சித்திரை முதல் நாள்!

பங்குனி பாதி தாண்டிவிட்டால் வேப்பமரத்தடி எல்லாம் வெள்ளைப் பூவாகக் கிடக்கும். மாமரத்தில் காய் பிடித்திருக்கும். சந்தைக்குப் புதுப்புளி வந்திருக்கும். சித்திரை பிறக்கப்போகிறது என்பதை காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியின் நெசவுத் தெருக்களில் இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அது தறிச் சத்தம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான பட்டுச்சேலைகள் தறியில் ஏறியிருக்கும் நேரம் இது. கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அரிசி, இன்னொன்று புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு. கல்யாண சீசன் நெருங்க நெருங்க, இரண்டாவது பெருமைக்கு வேலை கூடிவிடும்.

தமிழ்ப் புத்தாண்டு வருவதும் அதே நேரத்தில்தான். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது சித்திரை, வைகாசி மாதங்களை இளவேனில் என்றார்கள். அந்த இளவேனிலின் முதல் நாளை, வேலை நெருக்கடிக்கு நடுவில் ஒரு நெசவு வீடு எப்படிக் கொண்டாடும்? ரொம்ப எளிமையாகத்தான். அந்த எளிமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு நாள் தறி நின்றால்...

கைத்தறி நெசவில் மாதச் சம்பளம் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலையை முடிக்க சில நாள்களும் ஆகலாம், பல நாள்களும் ஆகலாம். சேலை முடிந்து கொடுத்தால்தான் காசு. எனவே பண்டிகைக்கு ஒரு நாள் தறி நின்றால், சேலை ஒரு நாள் தள்ளிப்போகும். கூலியும் ஒரு நாள் தள்ளிப்போகும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு ஏப்ரல் 14 சம்பளத்துடன் கூடிய விடுமுறை. நெசவாளருக்கு அது சொந்தக் காசில் எடுக்கும் விடுமுறை.

மத்திய அரசின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) சொல்லும் விவரம் இது: நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இது எல்லா வகை நெசவுக்கும், நாடு முழுவதற்குமான கணக்கு. பட்டு நெசவில் கூலி கூடுதல்தான். ஆனாலும் பண்டிகைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று நெசவு வீடுகள் ஏன் யோசிக்கின்றன என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

அந்த வகையில் சித்திரை முதல் நாள் கொஞ்சம் கருணையான பண்டிகை. தீபாவளிபோல பட்டாசு கேட்காது. எல்லோருக்கும் புதுத்துணி என்று கட்டாயம் பண்ணாது. வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம், சாமி படத்துக்குப் பூ, இலையில் மாங்காய்ப் பச்சடி, மாலையில் பஞ்சாங்கம் படிப்பது. அவ்வளவுதான். வேப்பம்பூவுக்கும் மாவிலைக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முன்னால் தறி, பின்னால் அடுப்பு

பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நெசவு வீட்டில் அதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். ஏனென்றால் வீட்டின் பெரிய அறையில் குடியிருப்பது தறி. குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் வேலையே நின்றுவிடும். பங்குனி வெயிலில் குழி நன்றாகக் காய்ந்திருக்கும். அதேநேரம், குழியில் இருக்கும் லேசான ஈரப்பதம் கோடையில் பட்டு இழை விறைத்து அறுந்துபோகாமல் காப்பாற்றும்.

தறியில் பாவு பூட்டியிருக்கும்போது ஒட்டடை அடித்தால் தூசு முழுக்கப் பட்டில் இறங்கும். அதனால் பழைய வேட்டி, போர்வையால் தறியை மூடிவிட்டுத்தான் துடைப்பத்தையே எடுக்க வேண்டும். மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் தண்ணீர் படக் கூடாது. சமையல் நாளில் கவனம் இன்னும் கூடுதல். மஞ்சள் பட்ட விரலும் நெய் பட்ட விரலும் பட்டுக்கு ஆகாது. ஒரு சின்னக் கறை விழுந்தால் சேலைக்குக் கூலிப்பிடித்தம் வரலாம். ‘கையைக் கழுவிட்டுத் தொடு’ என்பது நெசவு வீட்டுப் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு முன்பே கற்றுக்கொள்ளும் பாடம்.

வெயிலைப் பங்கு போடும் வித்தை

இளவேனில் வெயில், நெசவுக்கும் வேண்டும், சமையலறைக்கும் வேண்டும். தெருவில் பாவு நீட்டுவது விடியற்காலை வேலை. இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அரிசிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமல்ல. அக்கம்பக்கத்து வீட்டார் கைகொடுப்பார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு.

பாவு முடிந்த பிறகு ஏறும் வெயில் வீட்டுக்கானது. மொட்டை மாடியில் கூழ் வடகம், மோர் மிளகாய், வற்றல் காயும். புதுப்புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு சேர்த்து ஜாடியில் அடைப்பதும் இந்த மாதத்தில்தான். விடிவதற்கு முன்பே வேப்பமரத்தடியில் சுத்தமான துணியை விரித்துவைத்தால் மண் ஒட்டாத பூ கிடைக்கும். காம்பு நீக்கி, சில நாள் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டுவைத்தால் ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆச்சு.

கோடையில் மின்விசிறி இல்லாமல் தறியில் உட்காருவது கஷ்டம். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்ந்தது. சேலைக் கணக்கில் வாழும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

இலையில் ஆறு சுவை

புத்தாண்டுச் சமையலின் நாயகன் மாங்காய்ப் பச்சடி. மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் காரம், உப்பு, கொஞ்சம் துவர்ப்பு என்று வாழ்க்கை மொத்தமும் ஒரு கரண்டியில் வரும் என்பார்கள். செய்வதும் சுலபம்.

ஒரு நடுத்தர அளவு மாங்காயைத் துண்டுகளாக்கி, மஞ்சள்தூள், உப்பு, கீறிய பச்சை மிளகாய் சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரில் வேகவையுங்கள். நன்றாகக் குழைந்த பிறகு அரை முதல் முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். வெல்லத்தை முதலிலேயே போட்டால் மாங்காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கெட்டியானதும் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துக்கொட்டி இறக்குங்கள். ஒரு ஸ்பூன் வேப்பம்பூவை நெய்யில் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவினால் போதும். முன்பே கலந்தால் பச்சடி மொத்தமும் கசந்துவிடும்.

ஆரணி வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் சௌராஷ்டிரமும் பேசும் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு பேசும் வீடுகளில் யுகாதியன்றே வேப்பம்பூவும் வெல்லமும் புதுப்புளியும் மாங்காயும் கலந்த யுகாதிப் பச்சடி தயாராகிவிடும். ஒரே தெருவில் இரண்டு புத்தாண்டு, கிட்டத்தட்ட ஒரே பச்சடி!

இந்த எளிமை ஆரணிக்கு மட்டுமானதல்ல. கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் முந்தைய இரவே தட்டில் பழம், பூ, கண்ணாடி, காசு வைத்து விடிந்ததும் அதில் கண் விழிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துநீர் வைத்துக் குளித்து, பெரியவர்கள் கையால் கைவிசேஷம் வாங்குவார்கள். தொகை முக்கியமில்லை, கை முக்கியம். ஈரானில் மார்ச் 20, 21 வாக்கில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன்பு வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வதற்கு ‘வீட்டை உலுக்குதல்’ என்றே பெயர். வசந்தம் வந்தால் வீட்டைத் துடைத்து, கிடைப்பதைச் சமைத்து, பெரியவர்களைப் பார்ப்பது என்பது மனிதர்களின் பொது வழக்கம்போலிருக்கிறது.

லீவு யாருக்கு?

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வரலாம். சேலையை நெய்தவர் என்றால் தறியில் உட்கார்ந்தவரைத்தான் நினைக்கிறோம். ஆனால், தறி ஓட வேண்டுமானால் ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், பாவு தீர்ந்தால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். பட்டுப் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் கையில். தறியிலேயே உட்கார்ந்து நெய்யும் பெண்களும் நிறைய. அதே கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் சுமார் 72 சதவிகிதம் பேர் பெண்கள்.

குடும்பமாக உழைத்தாலும் சேலைக்குக் கூலி ஒன்றுதான். தார் சுற்றிய கைக்குத் தனிக்கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. பண்டிகை வந்தால் தறி நிற்கும், அடுப்பு நிற்காது. வழக்கமான நாளில் இரண்டு வேலை பார்ப்பவருக்கு அன்று ஒரே வேலை. ஆனால், அது இரண்டு மடங்கு. தரை துடைப்பது, கோலம், பச்சடி, வடை, பாயசம், வருகிறவர்களுக்குப் பானகம், நீர்மோர் என்று நீண்டுகொண்டே போகும்.

கொண்டாட்டம் எளிமையாக இருந்தால் மட்டும் போதாது. அந்த எளிமை அவர் தலையிலேயே விழாமலும் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பாவு நீட்ட நான்கு வீட்டுக் கைகள் சேரும் தெருவுக்கு, கூட்டு வேலை புதிதல்ல. அதே பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும். பரீட்சை முடிந்த பிள்ளைகள் வேப்பம்பூ ஆயலாம். மாங்காய் நறுக்குவது, தோரணம் கட்டுவது, சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது எல்லாம் ஆண்களாலும் முடிகிற வேலைதான். ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்தது என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, அடுப்படியில் என்ன வேலை மிச்சம் என்று தெரியாமலா போகும்?

வடையும் பாயசமும் வேண்டும் என்று தோன்றினால், இரண்டில் ஒன்று போதும் என்று முந்தைய நாளே வீட்டில் முடிவெடுக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்று அடுப்பு பற்றவைப்பதில்லை என்று ஒரு சட்டம் போடலாம். இரவுக்கு மிச்சச் சோறும் மோரும் மாவடுவும் இருக்கவே இருக்கிறது. இது நெசவு வீடுகளுக்கு மட்டும் சொல்லும் யோசனையல்ல, இதைப் படிக்கும் எல்லா வீடுகளுக்கும்தான்.

சித்திரை இரண்டாம் நாள் விடிந்தால் போர்வையை விலக்கி, நாடாவைக் கையில் எடுத்து மறுபடி வேலையைத் தொடங்க வேண்டும். கல்யாண வீடுகள் சேலைக்குக் காத்திருக்கும். முதல் நாள் நிஜமாகவே ஓய்வெடுத்தவர்களுக்கு அந்த விடியல் பாரமாக இருக்காது. இந்த ஆண்டு மாங்காய்ப் பச்சடியை யார் கிளறப்போகிறார்கள் என்று இன்றைக்கே வீட்டில் பேசிவிடுங்களேன்!