பழைய பில் பிரிண்டரும் புதிய விண்டோஸும்: தூக்கிப் போடும் முன் யோசிப்போம்!



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மளிகைக் கடை, அரிசி மண்டி, எண்ணெய்க் கடை என்று எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேட்டில் எழுதிக் கொண்டிருந்தவர்களும் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினார்கள். அப்போது வாங்கிய கம்ப்யூட்டர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால், அதுவரை ஒழுங்காக ஓடிய பில் பிரிண்டர் அசைய மறுக்கிறது. எலெக்ட்ரானிக் தராசிலிருந்து எடை வந்து விழுவதில்லை. ஆளை அழைத்துக் காட்டினால், "எல்லாம் பழைய மாடல், மொத்தமாக மாற்றி விடுங்கள்" என்று சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள்.

கிலோவுக்கு ஐம்பது பைசா, ஒரு ரூபாய் லாபத்தில் சர்க்கரை விற்கும் நமக்கு, பிரிண்டர், ஸ்கேனர், தராசு மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவது சின்ன விஷயமா? பெரும்பாலான கடைகளில் பொருளில் பழுதே இருக்காது. கம்ப்யூட்டருக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள பேச்சுவார்த்தைதான் அறுந்திருக்கும். அதை எப்படிச் சரி செய்வது, எங்கே செலவு செய்யலாம், எங்கே செய்யக் கூடாது என்பதை வியாபாரிகளுக்குப் புரியும் வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இப்போது இந்தத் தொல்லை?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு தேதி வைக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்தத் தேதிக்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்று விடாது. ஆனால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று விடும். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறை பிராசசரையும் கேட்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அதை முறைப்படி ஏற்ற முடியாது. ஆகவே புதிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதாகிறது. அதோடு விண்டோஸ் 11-இல் 64 பிட் வகை மட்டுமே உண்டு. விண்டோஸ் 10 வரை 32 பிட் வகையும் இருந்தது. நம் பழைய பொருள்கள் பல அந்த 32 பிட் காலத்தைச் சேர்ந்தவை.

டிரைவர் என்னும் தரகர்

மண்டிக்கு வரும் விவசாயியின் பேச்சு ஒரு மாதிரி, வெளியூர் வியாபாரியின் பேச்சு ஒரு மாதிரி. இரண்டும் தெரிந்த தரகர் நடுவில் இருந்தால்தான் வியாபாரம் படியும். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தரகருக்குப் பெயர் டிரைவர். 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்ட டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. மேலும், நம் தராசுக்கு அரசு முத்திரை இருப்பது போல, 64 பிட் விண்டோஸில் டிரைவருக்கும் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும். முத்திரை இல்லாத தரகரை உள்ளே விட மாட்டார்கள்.

யு.எஸ்.பி. என்ற முறை 1996-இல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர், குஜராத் மாநிலம் வதோதராவில் படித்த அஜய் பட் என்ற இந்தியர். எந்தப் பொருளையும் ஒரே மாதிரி துளையில் செருகலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் துளை ஒன்றாக இருப்பதால் மொழி ஒன்றாகி விடாது. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-ஐக் காட்டுவதற்காக உதவியாளர் ஒரு யு.எஸ்.பி. ஸ்கேனரைச் செருகியதும், ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் திரை நீலமாகி நின்று போனது. உலகப் பெரும் பணக்காரருக்கே நேர்ந்தது நமக்கு நேர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எது தானே ஓடும், எது ஓடாது?

பார்கோடு ஸ்கேனரில் பெரும்பாலானவை தம்மை ஒரு கீபோர்டு என்றே கம்ப்யூட்டரிடம் சொல்லிக் கொள்ளும். அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் ஆகியவையும் அப்படியே. இவை ஓடவில்லை என்றால் முதலில் கேபிளையும் துளையையும்தான் சந்தேகிக்க வேண்டும். நோட்பேடைத் திறந்து வைத்து ஒரு சோப்பு பாக்கெட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். எண் விழுந்தால் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது. கோளாறு பில் போடும் புரோகிராமில் இருக்கிறது.

பில் பிரிண்டருக்கு டிரைவர் வேண்டும். பழைய சி.டி.யைத் தேடி அலைவதை விட, பிரிண்டர் தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் விண்டோஸ் 11-க்கான 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அந்த மாடலுக்கு இல்லாவிட்டாலும் வழி உண்டு. சிறிய தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் கம்பெனி வகுத்த இ.எஸ்.சி./பாஸ் என்ற கட்டளை முறையில்தான் ஓடுகின்றன. விண்டோஸிலேயே உள்ள "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" என்ற டிரைவரைப் போட்டால், ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள பில் வந்து விடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தமிழில் பில் அடிப்பவர்களுக்கு இது உதவாது. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். அவர்களுக்குச் சரியான டிரைவரே வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் பில் அடிக்கும் கடைகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் மறவாமல் எடுத்து வைக்க வேண்டும்.

பிரிண்டரில் இன்னொரு சூட்சுமம். பல பழைய பிரிண்டர்களை ஒரு துளையிலிருந்து எடுத்து இன்னொரு துளையில் செருகினால், விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டர் என்று எண்ணி "காப்பி 1" என்று இன்னொரு பெயர் வைத்து விடும். பில் புரோகிராம் பழைய பெயருக்கே அனுப்பிக் கொண்டிருக்கும், தாள் வராது. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளை அழைக்கிறோம். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் என்ற பகுதியில் சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த ஒயர் எந்தத் துளை என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால், கடைப் பையன் பெருக்கும்போது பிடுங்கி மாற்றிச் செருகினாலும் தொல்லை இராது.

தராசு கேபிளின் கதை

அதிகம் குழப்புவது இதுதான். எலெக்ட்ரானிக் தராசுகள் பலவற்றில் ஒன்பது பின் கொண்ட பழைய சீரியல் இணைப்புதான் உண்டு. அதை யு.எஸ்.பி.யாக மாற்ற நடுவில் ஒரு கன்வெர்ட்டர் கேபிள் போட்டிருப்பார்கள். அந்தக் கேபிளுக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. தைவானைச் சேர்ந்த புரோலிஃபிக் கம்பெனியின் பி.எல். 2303 என்ற சிப் மிகவும் பரவலானது. அதற்குப் போலிகள் ஏராளமாக வந்ததால், கம்பெனியின் புதிய டிரைவர் போலிகளை ஏற்பதில்லை. கம்பெனி தானே 2012-இல் நிறுத்திய அசல் பழைய ரகங்களையும் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" என்ற வார்த்தையும் வரும். சில கம்ப்யூட்டர்களில், இந்தச் சிப் 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும் என்ற பொருளில் ஆங்கில வாசகமே வரும்.

2014-இல் இன்னொரு கூத்து நடந்தது. எஃப்.டி.டி.ஐ. என்ற ஸ்காட்லாந்து கம்பெனியின் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி செய்தவனுக்கு நஷ்டமில்லை. தெரியாமல் வாங்கியவன்தான் தவித்தான். பில் இல்லாமல், பெயர் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கேபிளின் உண்மை விலை இதுதான்.

உங்கள் கேபிளில் எந்தச் சிப் என்று அறிய வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் மீது வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் ஓர் எண் தெரியும். வி.ஐ.டி. என்பதை அடுத்து 067பி என்றிருந்தால் புரோலிஃபிக். 0403 என்றால் எஃப்.டி.டி.ஐ.; 1ஏ86 என்றால் சி.எச். 340 என்ற சீனச் சிப். பழைய டிரைவரைப் பிடித்து ஏற்றிச் சிலர் ஓட்டுகிறார்கள். அடுத்த அப்டேட்டில் அது மீண்டும் நிற்கக் கூடும். சில நூறு ரூபாயில் விண்டோஸ் 11-க்கு ஏற்ற புதிய கேபிளை பில்லோடு வாங்கி விடுவதே நல்லது. கேபிளுக்காகத் தராசை மாற்ற வேண்டியதில்லை.

கேபிள் மாற்றியதும் காம் போர்ட் எண் மாறி விடும். முன்பு காம் 3 என்றிருந்தது இப்போது காம் 7 ஆகலாம். பில் புரோகிராம் பழைய எண்ணிலேயே காத்துக் கொண்டிருக்கும். போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் பழைய எண்ணையே கொடுத்து விடலாம். தராசின் பாட் ரேட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: இணைப்பைச் சரி செய்கிறேன் என்று யாரையும் தராசின் முத்திரையை உடைத்து உள்ளே திறக்க அனுமதிக்காதீர்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி முத்திரை சிதைந்த தராசை வியாபாரத்தில் பயன்படுத்தக் கூடாது. திறக்க நேர்ந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் செய்து, மறு முத்திரை இட்ட பிறகே கடைக்கு வர வேண்டும். திருவாமாத்தூர் வட்டப்பாறை முன் பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சிய ஊர்க்காரர்கள் நாம். எடையில் நம்மைப் பற்றி ஒரு பேச்சு வர இடம் தரலாகாது.

கையெழுத்து டோக்கன்

கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு யு.எஸ்.பி. டோக்கனில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். புதிய கம்ப்யூட்டரில் டோக்கன் தெரியவில்லை என்றால் அதன் டிரைவரைப் புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மட்" என்ற பொத்தானை மட்டும் யாரும் அழுத்த விடாதீர்கள். உள்ளே இருக்கும் கையெழுத்து அழிந்து விடும். அதற்கு நகல் கிடையாது. புதிதாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், புதியதில் ஒரு மாதம் பில் அடித்து, ஒரு ரிட்டர்னும் போட்டுப் பார்த்து விடுங்கள். மாறுவதற்கு ஆடி மாதம் நல்லது. தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் வேண்டாம். ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு முதல் வாரமும் வேண்டாம்.

2. நீல நிற யு.எஸ்.பி. துளையில் பழைய பொருள் தடுமாறினால், கறுப்புத் துளையில் அல்லது தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. 2.0 ஹப்பில் செருகிப் பாருங்கள். நீளமான மெல்லிய கேபிளைத் தவிருங்கள்.

3. சிறிது நேரம் சும்மா இருந்ததும் பிரிண்டரோ தராசோ தொடர்பு விட்டுப் போனால், டிவைஸ் மேனேஜரில் அந்த யு.எஸ்.பி. ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை நிறுத்தலாம் என்ற அனுமதியை எடுத்து விடுங்கள்.

4. "டிரைவர் இலவசம்" என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் இடங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். வங்கிக் கணக்கும் கடன் பாக்கியும் உள்ள கம்ப்யூட்டர் அது.

5. பழைய டிரைவர் ஓடுவதற்காக மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்பை நிறுத்தச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு கேபிளுக்காகக் கடைக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது போன்றது அது.

6. ஃபாக்ஸ்புரோ போன்ற டாஸ் காலத்துப் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா. பழைய கணக்கைப் பார்க்க மட்டும், இணையத்தைத் துண்டித்துப் பழைய கம்ப்யூட்டரை மூலையில் வைத்துக் கொள்ளலாம்.

7. லினக்ஸ் வகையில் மேற்சொன்ன சிப்களுக்கான டிரைவர்கள் உள்ளேயே இருக்கின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் என்ற பெயரில் அது வந்ததைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். கேபிளில் கோளாறா, விண்டோஸ் மறுக்கிறதா என்று சோதிக்க அது உதவும். ஆனால் உங்கள் பில் புரோகிராம் விண்டோஸுக்கானது என்றால் அதில் ஓடாது.

சங்கம் செய்யக் கூடியது

ஒவ்வொரு கடையும் தனித்தனியே ஏமாறுவதை விட, நாம் சேர்ந்து ஒரு பட்டியல் தயார் செய்யலாம். எந்த பிரிண்டர், எந்தக் கேபிள், எந்தத் தராசு விண்டோஸ் 11-இல் ஓடுகிறது என்று உறுப்பினர்கள் எழுதித் தந்தால், சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் வைத்துக் கொள்ளலாம். புதிதாக வாங்கும்போது, "விண்டோஸ் 11, 64 பிட்டில் வேலை செய்யும்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். ஒருவர் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். ஊர்க் கடைகள் எல்லாம் கேட்டால் எழுதித் தந்துதான் ஆக வேண்டும்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் இருக்கிறார். நமக்கு நாம்தான். அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கும் நாம், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக் கொண்டு பணத்தை எடுத்து நீட்டலாமா? கேட்டுத் தெரிந்து, சோதித்துப் பார்த்து, அதன் பிறகு செலவு செய்வோம்.