பேரரசரின் தலைமுடி சொன்ன சாட்சி

சீனப் பேரரசர் குவாங்சு 1908 நவம்பர் 14 அன்று, 37 வயதில் இறந்தார். பத்தாண்டுகளாக அவரைக் காவலில் வைத்திருந்த பெரியம்மா சிக்சி மறுநாளே இறந்தார். சும்மா இருக்குமா ஊர் வாய்? நீண்டநாள் நோய் என்றனர் சிலர். மருத்துவக் குறிப்புகளும் அப்படியே கூறின. சிக்சி நஞ்சிட்டார் என்றனர் சிலர். தளபதி யுவான் ஷிகாய்மீதும் ஐயம் விழுந்தது.

நூறாண்டு கழித்துச் சாட்சி சொல்ல வந்தது நியூட்ரான்! கல்லறையில் கிடைத்த முடியைத் துண்டு துண்டாக நறுக்கி, அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கினார்கள். முடியிலுள்ள ஆர்செனிக்-75 ஒரு நியூட்ரானை விழுங்கி, கதிரியக்கமுள்ள ஆர்செனிக்-76 ஆகிறது. இதன் அரை ஆயுள் சுமார் 26 மணி. இது உமிழும் காமா கதிர்களின் ஆற்றல் இதற்கே உரிய கைரேகை போன்றது. கதிர்களை எண்ணினால் ஆர்செனிக்கின் அளவு தெரிந்துவிடும்.

2008இல் முடிவு வெளியானது. ஒரு துண்டில் கிராமுக்கு 2,400 மைக்ரோகிராம்! அதே கல்லறையில் இருந்த அரசியின் முடியிலோ மிகச் சொற்பம். எனவே இது கல்லறை மண்ணின் வேலையன்று.

ஆனால் ஒரு சிக்கல். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். சட்டென்று கொல்லும் நஞ்சு முடியின் நடுப்பகுதிக்கு எப்படி வந்தது? யோசித்தீர்களா? உடையைச் சோதித்தபோது வயிற்றுப் பகுதியிலும் ஆர்செனிக் இருந்தது. உடல் அழுகியபோது வயிற்றிலிருந்த நஞ்சு கசிந்து, வெளியிலிருந்து முடியில் படிந்திருக்கிறது.

நஞ்சைக் கொடுத்தது யார்? காமா கதிருக்கு அது தெரியாது. சிக்சிதான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். மறுநாளே இறந்தார் என்பது மட்டும் எனக்குப் போதுமான சான்றாகப் படவில்லை.