வண்டிக்கு ஒரு கண்ணாடிப் போர்வை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் பெரியோர். மோட்டார் வண்டிக்குப் பூசப்படும் செராமிக் பூச்சுக்கும் இம்மொழி முற்றிலும் பொருந்தும்.

கண்டி மாநகரில் வண்டியின் வண்ணத்துக்குப் பகைவர் பலர். ஏரிக்கரை மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம், அடிக்கடி பெய்யும் மழை, வெயில், வீதிப் புகை ஆகியன அதைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் வரிச்சுமையால் புதிய வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியே. ஆகவே, உள்ள வண்டியைக் காப்பது குடும்பத்தின் செல்வத்தைக் காப்பதாகும்.

இப்பூச்சு யாது?

மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் இது. பூசியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, வண்ணத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். இதன் கனம் ஓரிரு மைக்ரோன் மாத்திரமே. தலைமயிரோ சுமார் 70 மைக்ரோன் தடிப்புடையது. இப்பூச்சின் மேல் நீர் முத்துமுத்தாய்த் திரண்டு உருண்டோடும். அழுக்கு எளிதில் ஒட்டாது. எனினும் கல் தெறித்தால் உண்டாகும் காயத்தை இது தடுக்காது, துருவையும் மாற்றாது. விற்போர் கூறும் '9 எச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவேயன்றி, வைரத்தின் உறுதியன்று.

முன்வேலையே முதல் வேலை

கண்டியை அடுத்த ஹுரிகடுவக் கிராமத்துக் கைவினைஞர் கடைசல் மரத்தில் அரக்குப் பூசும்போது, முதலில் மரத்தை வழுவழுப்பாக்குவர். சுழலும் மரத்தில் அரக்கை அழுத்தி உருகவைத்துப் பின் உலர்ந்த ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். மேற்பரப்பு கரடாயின் அரக்கும் அழகு பெறாது. செராமிக் பூச்சும் அத்தகையதே. அடியில் உள்ள கீறலையும் கறையையும் அது மறைக்காது. உள்ளே பூட்டி வைத்துவிடும்.

ஆகவே வண்டியை நன்கு கழுவி உலர்த்துக. பின்னர் வழுக்கும் திரவம் தெளித்து, இதற்கென விற்கப்படும் களிமண் கட்டியால் மெதுவாகத் தேய்த்து, ஒட்டிய துகள்களை அகற்றுக. கீறல் இருப்பின் மெருகுக் குழம்பால் நீக்குக. ஈற்றில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் கலந்த நீரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தல் வேண்டும்.

பூசும் முறை

வெயில் படாத, காற்றோட்டமுள்ள கராஜில் கையுறை அணிந்து தொடங்குக. இரண்டடிச் சதுரமாக, முதலில் நெடுக்கிலும் பின் குறுக்கிலும் மெல்லெனப் பூசுக. வானவில் போன்ற மினுக்கம் தோன்றியதும் நுண்ணிழைத் துணியால் துடைத்துவிடுக. ஈரமிகுந்த காற்றில் பூச்சு விரைந்து இறுகும். எனவே மலைநாட்டில் தாமதம் கூடாது. துடைக்கத் தவறிய இடம் கறையாய்ப் படிந்துவிடும். துடைத்த துணியும் காய்ந்து கடினமாகி வண்ணத்தைக் கீறுமாதலால், மறுபடி பயன்படுத்தலாகாது.

ஒருநாள் முழுவதும் மழை படாது காத்து, ஒருவார காலம் சவர்க்காரம் தவிர்க்க வேண்டும். இதற்கு மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச்சு வரையான காலம் உகந்தது.

பூசியபின்னும் பறவை எச்சத்தை அன்றன்றே கழுவுதல் வேண்டும். போர்வை எத்துணை நல்லதாயினும், பேணுவார் கையிலேதான் அதன் ஆயுள் உள்ளது.