பயிர்க் காவலும் பிறர் உயிரும்
கவலையீனத்தால் நேரும் மரணமும் காயமும் பற்றிய நட்டஈட்டுச் சட்ட விளக்கம்

பெரும்போக நெல் கதிர் முற்றும் காலத்திற் கமக்காரருக்கு இரவில் உறக்கமில்லை. காட்டுப்பன்றிக் கூட்டமொன்று வயலிற் புகுந்தால், ஒரு போகம் பட்ட பாடு ஓர் இரவில் வீணாகிவிடும். மரவள்ளி, வற்றாளை, நிலக்கடலை ஆகியவற்றைப் பயிரிடுவோர் நிலையும் இதுவே. ஆதலாற் சிலர் வீட்டு மின்னிணைப்பிலிருந்து கம்பியிழுத்து வரம்போரத்தில் மின்சாரம் பாய்ச்சுகின்றனர். வேறு சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். இரண்டும் சட்டத்தால் விலக்கப்பட்டவை. எனினும் இரண்டும் நடைபெற்று வருகின்றன.

பன்றிக்கென வைத்த கம்பி பன்றியையும் மனிதனையும் பிரித்தறியாது. விடியுமுன் மடை திறக்கச் சென்ற அயற் கமக்காரரும், தப்பிய மாட்டைத் தேடிச் சென்ற சிறுவரும், கம்பியை இழுத்தவரே கூட அதில் அகப்பட்டு மாண்ட செய்திகள் நெல் விளையும் மாவட்டங்களிலிருந்து அடிக்கடி வருகின்றன. இவ்வாறு ஒருவர் இறந்தபின் அவர் மனைவி மக்களின் பிழைப்புக்கு யார் பொறுப்பு? எந்த நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும்? எவ்வளவு காலத்துள் நாடுதல் வேண்டும்? இவை பல குடும்பங்கள் காலங் கடந்தபின் கேட்கும் வினாக்களாதலின், அவற்றுக்குரிய விடைகள் இங்கே தரப்படுகின்றன.

இரு வேறு வழக்குகள்

ஒரு மரணத்திலிருந்து இரண்டு வழக்குகள் எழலாம். முதலாவது அரசு தொடுக்கும் குற்ற வழக்கு. தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி, கண்மூடித்தனமான அல்லது கவலையீனமான செயலால் ஒருவரின் மரணத்துக்குக் காரணமாயிருந்தவருக்கு ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தம் செயலால் மரணம் நேரக்கூடுமென அறிந்தே செய்தாரெனத் தோன்றினால், குற்றச்சாட்டு இதனினும் கடுமையாகும்.

இரண்டாவது, இறந்தவரின் குடும்பத்தார் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. எதிராளி சிறை சென்றமையால் குடும்பத்துக்கு நட்டஈடு தானே வந்து சேராது. குற்ற வழக்கில் நீதவான் ஒரு தொகையைக் கொடுக்குமாறு கட்டளையிடலாமாயினும், அது குடும்பம் அடைந்த முழு நட்டத்தையும் ஈடுசெய்தல் அரிது. அன்றியும், குற்ற வழக்கில் எதிராளி விடுதலையானால் எல்லாம் முடிந்ததென எண்ணுவது தவறு. குற்ற வழக்கிற் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தல் வேண்டும். நட்டஈட்டு வழக்கிலோ, சான்றுகளைச் சீர்தூக்குமிடத்து வழக்காளியின் கூற்றே பெரும்பாலும் உண்மையென நீதிமன்றத்துக்குத் தோன்றினாற் போதும்.

உரோமக் கமக்காரரின் சட்டம்

இலங்கையிற் காணி, முதுசொம் முதலியவற்றில் யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமையும், கண்டிச் சிங்களவருக்குக் கண்டியர் சட்டமும் உரியனவாயினும், பிறருக்குச் செய்த ஊறு பற்றிய வழக்கில் எல்லோருக்கும் பொதுவாயுள்ளது உரோம - ஒல்லாந்தச் சட்டமே. ஒல்லாந்தர் கொணர்ந்த அச்சட்டத்தைப் பின்வந்த ஆங்கிலேயரும் மாற்றாது விட்டனர். அதன் வேர் கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் உரோமபுரியில் இயற்றப்பட்ட அக்குவீலியச் சட்டமாகும். பெயர் அந்நியமாயிருப்பினும் பொருள் அந்நியமன்று. அதை இயற்றிய காலத்து உரோமர் பெரிதும் உழுதுண்டு வாழ்ந்தவர்கள்.

கி.பி. 533 இல் யுஸ்தினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் திரட்டில், போலுஸ் என்னும் நியாயவாதி ஆராய்ந்த எடுத்துக்காட்டுகள் சில உள்ளன. ஒருவர் தம் வயலில் அரிதாளுக்குத் தீ வைக்கிறார். தீ பரவி அயலாரின் பயிரை எரிக்கிறது. காற்று வீசும் நாளில் தீயிட்டாராயின், அல்லது தீயைக் காவாது விட்டாராயின், அவர் பொறுப்பாளி. ஏற்ற காவலெல்லாம் செய்திருக்கத் திடீரெனக் காற்றெழுந்து தீயைக் கொண்டுசென்றதாயின் அவர் பொறுப்பாளியல்லர். மற்றோர் எடுத்துக்காட்டு, வழியோரத்து மரத்தின் கிளை வெட்டுபவரைப் பற்றியது. கீழே செல்வோர் விலகிக்கொள்ளும்படி நேரத்தோடு குரல் கொடாமற் கிளையை விழவிட்டாராயின் அது கவலையீனம். விலக இயலாத கணத்திற் கூவியதும் எச்சரிக்கையாகாது.

மூன்றாவது இன்றைய பன்றிக் கம்பிக்கு நேர் முன்னோடி. கரடியும் மானும் பிடிப்பதற்கு மக்கள் போக்குவரத்துள்ள இடத்திற் குழி தோண்டியவர், அதில் விழுந்து நேர்ந்த கேட்டுக்கு விடை கூறவேண்டும். வழக்கமாகக் குழி தோண்டும் ஒதுக்கிடமாயின் அவ்வாறன்று. ஆயினும் அங்கேயும், அறிவித்தல் செய்யப்படாதிருக்க, அறியாது வந்தவர் கேடுற்றால் வழக்குக்கு இடமுண்டு. வயல் வரம்பு எவ்விடத்தைச் சேர்ந்தது? வரம்பு ஒருவரின் உடைமையாயினும், நீர் பாய்ச்சவும் மாடு தேடவும் குறுக்கே செல்லவும் ஊரார் இரவு பகலாக அதில் நடக்கின்றனர் என்பதைக் கமக்காரர் எவரும் அறிவர். அறிந்தவர் அங்கே உயிர்க்கொல்லிக் கம்பியை இழுத்தபின் “என் காணிக்குள் ஏன் வந்தார்?” என வினவுவது அவரைக் காப்பாற்றப் போதாது.

கவலையீனத்தை அளக்கும் முறை

எதிராளி கவலையீனமாக நடந்தாரா என்பதை நீதிமன்றம் எவ்வாறு துணிகிறது? இதே சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், 1966 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கிறூகர் எதிர் கூட்சி என்னும் வழக்கு இதனைத் தெளிவாக்கிற்று. விவேகமுள்ள குடும்பத் தலைவர் ஒருவர் எதிராளியின் நிலையில் இருந்தால், தம் செயலாற் பிறருக்குத் தீங்கு நேரக்கூடுமென முன்னறிந்திருப்பாரா? அறிந்து அதைத் தடுக்கத் தக்க நடவடிக்கை எடுத்திருப்பாரா? எதிராளி அதனை எடுக்கத் தவறினாரா? மூன்றுக்கும் விடை ஆம் எனின் கவலையீனம் நிலைபெறும்.

அவ்வழக்கில் எதிராளி காணிக்காரர் ஒருவர். தெரு வேலை செய்தோர் படலையைத் திறந்தபடி விட்டதனால் அவருடைய குதிரை தெருவுக்குச் சென்றது. மோட்டார் வண்டியொன்று அதனுடன் மோதிற்று. படலை திறந்து கிடப்பது பற்றி அவர் உரிய சபைக்கு முன்னரே முறையிட்டிருந்தார். அதற்கு மேலும் அவர் நியாயமாகச் செய்திருக்கக்கூடியது யாதென வழக்காளி காட்டாமையால் வழக்குத் தோற்றது. முறையீடு செய்துவைத்தது அவருக்கு எவ்வளவு துணையாயிற்று என்பது மாடு வளர்ப்போர் கவனிக்கத்தக்கது. வழக்காளிக்கும் இதிற் பாடமுண்டு: விபத்து நேர்ந்ததெனச் சொல்வதோடு அமையாது, எதிராளி செய்யத் தவறியது இன்னதெனவும் காட்டுதல் வேண்டும்.

இந்த அளவுகோலை நம் கமங்களில் வைத்துப் பார்க்க இடங்கள் பல உண்டு. தார்த் தெருவில் நெல் காயவிட்டு, சுற்றிலும் கல்லும் மரக்குற்றியும் அடுக்கி, இருட்டியபின்னும் அகற்றாது விட்டால், அதில் மோதி வீழ்ந்த மோட்டார்ச் சைக்கிள்காரரின் குடும்பம் கேட்கும் கேள்விக்கு விடையில்லை. நெல் காயவிட வேறு களம் இல்லை என்பது உண்மையான குறையே. எனினும் இரவிற் கல்லை அகற்றாமைக்கு அது நியாயமாகாது. கட்டு இல்லாது கைவிட்ட தோட்டக் கிணறு, வேறு போத்தலில் ஊற்றிப் பிள்ளைகள் கைக்கெட்ட வைத்த பூச்சிமருந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை நிறைய ஏற்றிச் செல்லுதல் ஆகியனவும் இவ்வாறே. பரக்குவாற்று போன்ற கொடிய நஞ்சு 2011 ஆம் ஆண்டோடு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டதாயினும், எஞ்சிய மருந்துகள் தீங்கற்றவையல்ல.

கம்பி விடயத்தில் ஒரு வேறுபாடு அறியற்பாலது. முறையான மின்வேலிக் கருவி ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒருமுறை, மிகச் சிறு பொழுதே நிற்கும் மின்துடிப்பை விடுகிறது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும். துடிப்புகளுக்கு இடையே தசை தளர்வதால் மனிதரும் கையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்பின் 230 வோற்று மின்சாரமோ இடையறாது பாய்கிறது. தசை இறுகிக் கை கம்பியைப் பற்றிக்கொள்ளும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் இதயம் சிறிது நேரத்துள் நின்றுவிடும். இதனைக் கமக்காரர் அறியாரென எந்த நீதிமன்றமும் நம்பாது.

எவர் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம்

காயமுற்றுப் பிழைத்தவர் மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம் ஆகியவற்றோடு நோவுக்கும் அங்கக் குறைவுக்கும் நட்டஈடு கேட்கலாம். இறந்தவராயின், அவர் உழைப்பில் வாழ்ந்த மனைவி மக்கள் இழந்த ஆதரவுக்கும் ஈமச் செலவுக்கும் கேட்கலாம்.

நெடுங்காலமாக இதில் ஒரு குறை இருந்தது. துயரத்துக்கும் பிரிவுக்கும் இச்சட்டத்தில் விலையில்லை. பொருளிழப்பு உண்டா என்பதே கேள்வி. சிறுபிள்ளை ஒன்றின் மரணம் பற்றித் தந்தை மருத்துவர்மீது தொடுத்த வழக்கொன்றில், 2001 இல் உயர் நீதிமன்றம் இந்நிலையை உறுதிசெய்தது. உழைக்காத பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அன்பின் இழப்புக்கு ஈடில்லையென்றாயிற்று. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இதனை மாற்றிற்று. பிறரின் தவறால் ஒருவர் இறந்தால், அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முதலிய நெருங்கிய உறவினர் அன்பும் ஆதரவும் தோழமையும் இழந்தமைக்கும் நட்டஈடு கோரலாம். கிணற்றில் வீழ்ந்த பிள்ளையின் தாய் வெறுங்கையோடு திரும்பவேண்டிய நிலை இதனால் நீங்கியது.

இறந்தவரும் ஓரளவு தவறியிருந்தால் வழக்கு முற்றாகத் தோற்றுவிடுமென அஞ்சவேண்டியதில்லை. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, தவறின் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். கல் அடுக்கிய தெருவில் விளக்கின்றி வந்தவர் நாலில் ஒரு பங்கு தவறியவராயின், நாலில் மூன்று பங்கு அவருக்குக் கிடைக்கும்.

கூலிக்கு அமர்த்திய ஆள் வேலையிற் காயமுற்றால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உதவலாம். அதன்கீழ் எசமானின் கவலையீனத்தை நிரூபிக்கவேண்டியதில்லை. கொடுக்கக்கூடிய உச்சத் தொகை 2022 இல் இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஒரே காயத்துக்கு இவ்வழியையும் மாவட்ட நீதிமன்ற வழியையும் ஒருங்கே பற்றுதல் ஆகாது. எது தக்கதென முதலிலேயே ஆராய்தல் வேண்டும்.

காலமும் சான்றும்

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, நட்டம், ஊறு, சேதம் பற்றிய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்குதல் வேண்டும். குற்ற வழக்கு முடியட்டுமெனக் காத்திருந்து இக்காலத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. குற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே நட்டஈட்டு வழக்கைத் தொடங்கலாம்.

செத்த வீட்டில் ஊர்ப் பெரியோர் கூடிச் சிறுதொகை ஒன்றைக் கொடுப்பித்து, “இனி ஒரு கோரிக்கையுமில்லை” என எழுதிய கடதாசியிற் கையொப்பம் பெறும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. சமாதானம் நல்லதே. ஆனால் துயரத்தில் மூழ்கியிருக்கும் பெண்ணிடம் மூன்றாம் நாளிற் பெறும் கையொப்பம் சமாதானமன்று. ஈமச் செலவுக்கென உதவி கொடுத்தால் அதனை அவ்வாறே எழுதி வாங்கிக்கொள்ளலாம். முழுத் தீர்வென எழுதுமுன் சட்டத்தரணியைக் கேட்டல் வேண்டும்.

மரணம் நேர்ந்தவுடன் பொலிசுக்கு அறிவித்து, கம்பி, கட்டை, இணைப்பு ஆகியவை அகற்றப்படுமுன் நிழற்படம் எடுப்பித்தல் வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைப் பெற்று வைத்தல் வேண்டும். விபத்துக்கு உழவு இயந்திரம் அல்லது வேறு வண்டி காரணமாயின், அதன் இலக்கத்தையும் காப்புறுதிக் கம்பனியின் பெயரையும் குறித்துக்கொண்டு, வழக்குப் பற்றிக் கம்பனிக்கு உரிய காலத்தில் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும்.

கமக்காரர் குடும்பத்துக்கு நேரும் பெருந்தொல்லை, இறந்தவரின் வருமானத்தை நிரூபித்தலாகும். சம்பளச் சீட்டு இல்லை. இங்கே உதவுவன கமநல சேவை நிலையத்து வயற்காணிப் பதிவேடு, உர மானியம் பெற்ற குறிப்பு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், மரக்கறிச் சந்தைத் தரகரின் துண்டு ஆகியவையே. எத்தனை ஏக்கர், எத்தனை மூடை, என்ன விலை என்பதை இவற்றிலிருந்து நீதிமன்றம் கணித்து, இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடியதைக் கழித்து, எஞ்சியதைக் குடும்பத்தின் இழப்பாகக் கொள்ளும். ஆதலால் விற்பனைத் துண்டுகளைப் போகந்தோறும் ஒரு பெட்டியில் இட்டு வைத்தல் நன்று.

சிறு தொகை பற்றிய பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற சட்ட உதவி ஆணைக்குழுவின் அண்மைக் கிளையை நாடலாம். செல்லும்போது மரணச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மேலே கூறிய துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லல் வேண்டும்.