போரும் பண்டமும்: கரெல் றைஸின் திரைப்படமொன்றை முன்வைத்துச் சில கருத்துகள்

குற்றக்கதைகளைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களை முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் புறக்கணித்தே வந்துள்ளது. கொலை, துரத்தல், கடத்தல் என்பன வணிகச் சினிமாவின் முதலீடுகள். அவற்றில் ஆராய்வதற்கு யாதுமில்லை என்பது ஒரு சாராரின் முடிபு. மறுசாரார் இத்தகைய படங்களுட் சிலவற்றைத் 'தனிமனிதனின் அகப் போராட்டம்' எனப் போற்றி, அவற்றை வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து அழகியற் பீடத்தில் ஏற்றுவர். இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் ஒரே குறைபாட்டினை உடையன. குற்றம் என்பது ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடும் அரச அமைப்போடும் கொண்டுள்ள தொடர்பினை இரண்டுமே காணத் தவறிவிடுகின்றன.

இத்தொடர்பினைத் தெளிவுபடுத்துவதற்கு ஏற்றதோர் உதாரணமாக, 1978இல் வெளிவந்த 'ஹூ'ல் ஸ்டொப் த றெயின்' (மழையை நிறுத்துபவர் யார்) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தினை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வியற்நாம் போரிலிருந்து மீண்ட முன்னாட் படைவீரன் ஒருவன் ஹெரோயின் கடத்தலில் ஈடுபட்டு அழிந்துபோவதே இதன் கதை. றொபேட் ஸ்ரோன் எழுதி 1974இல் வெளியிட்ட 'டோக் சோல்ஜேர்ஸ்' என்னும் நாவலே இதற்கு மூலம். 1971இல் வியற்நாமுக்குச் சென்று போர்ச்சூழலை நேரிற் கண்டவர் ஸ்ரோன். அவரது நாவல் அமெரிக்கத் தேசிய நூல் விருதினை 1975இல் பகிர்ந்து பெற்றது. திரைக்கதையினை ஜூடித் றாஸ்கோவுடன் இணைந்து அவரே எழுதினார்.

1

படத்தின் நெறியாளர் கரெல் றைஸ் பற்றி ஈண்டு சில கூறுதல் வேண்டும். 1926இல் செக்கோசிலவாக்கியாவிற் பிறந்த யூதரான இவர், 1938இற் சிறுவனாக இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். பெற்றோரை நாசிகளின் ஓஷ்விற்ஸ் முகாமிற் பறிகொடுத்தவர். 1950களிற் பிரித்தானியாவில் லின்சே அன்டர்சன், ரோனி றிச்சட்சன் ஆகியோருடன் இணைந்து 'சுதந்திரச் சினிமா' இயக்கத்தினைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். தொழிலாளர் வாழ்வினை அதன் அன்றாடத் தன்மையோடு திரைக்குக் கொணர்தல் அவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். 1960இல் இவர் நெறிப்படுத்திய 'சற்றர்டே நைற் அன்ட் சண்டே மோர்னிங்', நொற்றிங்ஹாம் நகரத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவனைக் கதையின் நடுநாயகமாக்கியது. போரினால் இடம்பெயர்ந்தவரும், தொழிலாளரின் உடல் அசைவுகளையும் பேச்சினையும் உன்னிப்பாக நோக்கிப் பழகியவருமான ஒரு கலைஞர், ஹொலிவூட்டின் குற்றக்கதை வாய்பாட்டினைக் கையிலெடுத்தபோது அவ்வாய்பாடு மாறாது இருத்தல் இயலாது. இம்மாற்றமே எமது கவனத்திற்குரியது.

கதைச் சுருக்கம் வருமாறு: வியற்நாமிற் போர்ச் செய்தியாளனாக இருக்கும் ஜோன் கொன்வேர்ஸ், தான் கண்ட அழிவுகளால் எதிலும் நம்பிக்கையற்றவனாகி, ஹெரோயின் பொதியொன்றினை அமெரிக்காவுக்கு அனுப்பத் துணிகின்றான். அதனைக் காவிச் செல்பவன் அவனுடைய பழைய நண்பனும், முன்னாள் மரைன் படையினனும், இப்போது வணிகக் கப்பல் மாலுமியுமான றே ஹிக்ஸ். நிக் நோல்ற் இப்பாத்திரத்தை ஏற்று நடித்துள்ளார். கலிபோர்னியாவில் கொன்வேர்ஸின் மனைவி மார்ஜிடம் பொதியை ஒப்படைக்க வரும் ஹிக்ஸ், அங்கு தான் எதிர்பார்க்கப்படுவதை உணர்கின்றான். போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான அந்தெயில் என்பவன், சட்டத்தை நிலைநாட்டுவதற்காகவன்றி அப்பொதியைத் தானே கைப்பற்றி விற்பதற்காகத் தன் அடியாட்களை ஏவியுள்ளான். ஹிக்ஸும் மார்ஜும் தப்பியோடுகின்றனர். நாடு திரும்பும் கொன்வேர்ஸ் அடியாட்களிடம் அகப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகின்றான். மலைப்பகுதியொன்றில் நிகழும் இறுதி மோதலிற் காயமுற்ற ஹிக்ஸ், இருப்புப்பாதை வழியே நடந்து மாய்கின்றான்.

2

இக்கதையின் மையத்தில் இருப்பது ஒரு பண்டம். அப்பண்டத்தின் வரலாற்றினை அறியாது படத்தினை விளங்கிக்கொள்ளல் அரிது.

ஆசியாவில் அபின், குடியேற்ற ஆட்சியின் வருவாய்களுள் ஒன்றாக இருந்துவந்தது. 1839 முதல் 1842 வரையும், மீண்டும் 1856 முதல் 1860 வரையும் பிரித்தானியா சீனத்தின்மீது தொடுத்த போர்கள் அபின் போர்கள் என்றே பெயர் பெற்றன. கார்ல் மார்க்ஸ் 1858இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரைகளில், சுதந்திர வாணிபம் பேசிய அரசே இந்தியாவில் அபின் உற்பத்தியைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த முரண்பாட்டினை எடுத்துக்காட்டினார். இந்தோசீனாவில் 1897இல் ஆளுநர் நாயகமாகப் பதவியேற்ற போல் டுமேர் அபின் விற்பனையை அரச ஏகபோகமாக ஒழுங்கமைத்தார். வியற்நாமிய மக்களை ஆள்வதற்கான செலவினை, அம்மக்களுக்கே அபின் விற்றுப் பெற்றனர் பிரெஞ்சு ஆட்சியினர்.

பிரெஞ்சுக்காரர் 1954இல் வெளியேறினர். அவர்களது இடத்தில் அமெரிக்கா வந்தமர்ந்தது. பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகியவற்றின் எல்லைகள் கூடும் 'பொன் முக்கோணம்' எனப்படும் மலைப்பிரதேசத்தில் அபின் பயிரிட்ட மக்களிடையே இருந்தே லாவோசில் இடதுசாரிகளுக்கெதிரான கூலிப்படை திரட்டப்பட்டது. அல்பிரட் மக்கோய் 1972இல் வெளியிட்ட 'தென்கிழக்காசியாவில் ஹெரோயின் அரசியல்' என்னும் ஆய்வு, அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் தன் கூட்டாளிகளின் அபின் வாணிபத்துக்கு உடந்தையாக இருந்ததென ஆதாரங்களுடன் வாதித்தது. நூல் வெளிவருமுன்னரே அதன் கையெழுத்துப் பிரதியைத் தனக்குக் காட்டுமாறு அந்நிறுவனம் பதிப்பகத்தை வற்புறுத்தியமையும், பதிப்பகம் அதன் ஆட்சேபங்களைப் பெற்றுப் பரிசீலித்த பின்னரும் நூலை வெளியிட்டமையும் பலரறிந்த செய்திகள்.

1970 அளவில் உயர்தூய்மை கொண்ட ஹெரோயின் தென்வியற்நாமிலிருந்த அமெரிக்கப் படைமுகாம்களை எட்டியது. 1971இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் இருவர் சமர்ப்பித்த அறிக்கை, அங்குள்ள படையினருள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையானோர் ஹெரோயின் பாவிப்பதாகக் கூறியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதலாவது எதிரி எனப் பிரகடனஞ் செய்தார்.

இங்கு சமூகவியலாளர் லீ றொபின்ஸின் ஆய்வு மனங்கொள்ளத்தக்கது. 1971 செப்ரெம்பரில் நாடு திரும்பிய படையினரை ஆராய்ந்த அவர், வியற்நாமில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்தபோதும், நாடு திரும்பியபின் அவர்களுட் பெரும்பாலானோர் அப்பழக்கத்துக்கு மீளவில்லை எனக் கண்டார். ஒழுக்கவாதிகள் கூறுவதுபோலத் தனிமனித பலவீனம்தான் காரணமெனில், அப்பலவீனம் விமானத்திலிருந்து இறங்கியவுடன் மறைந்துபோவது எங்ஙனம்? போர் என்னும் சூழலே அடிமைத்தனத்தைத் தோற்றுவித்தது. சூழல் மாறியபோது அதுவும் மாறியது. சமுதாய இருப்பே சிந்தையை நிர்ணயிக்கின்றது என்னும் அடிப்படைக் கோட்பாட்டுக்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

3

இப்பின்னணியில் மூன்று பாத்திரங்களை நோக்குவோம்.

முதலாமவன் கொன்வேர்ஸ்; புத்திஜீவி. நாவலில் அவன் நாடகமொன்று எழுதியவன். பின்னர் பழைய இடதுசாரி வட்டத்தைச் சேர்ந்த மாமனார் நடத்தும் மஞ்சட் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவன். எதிரிக்குப் பொதி சுமக்கின்றன என்பதற்காக யானைகளை ஹெலிகொப்ரரிலிருந்து சுட்டுக் கொல்லும் உலகில் மனிதர் போதையை நாடுவது இயல்பே என்பது அவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் நியாயம். இக்கூற்றின் முதற்பகுதி போரின்மீதான நியாயமான கண்டனமாகும். ஆயின் அக்கண்டனத்திலிருந்து அவன் பெறும் முடிவு எதிர்ப்பன்று, வியாபாரம். உலகம் சீர்கெட்டதெனக் கண்டவன், அச்சீர்கேட்டிலேயே ஒரு பங்கு வாங்க முனைகின்றான். நம்பிக்கை வறட்சியானது நடைமுறையிற் சந்தையின் தத்துவமாக மாறுவதை இதனிலும் துலக்கமாகக் காட்டுதல் அரிது. பொதியைச் சுமப்பவன் அவனல்லன் என்பதும் நோக்கற்பாலது. அவன் எண்ணுகின்றான், ஹிக்ஸ் சுமக்கின்றான். மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையிலான பிரிவினை, குற்றத்தின் உள்ளும் அவ்வாறே நிலவுகின்றது.

இரண்டாமவன் ஹிக்ஸ். அவனிடம் உழைப்பும் உடற்பலமும் படையிற் கற்ற கட்டுப்பாடும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதற்குரிய சமூக இலட்சியம் இல்லை. நாவலில் அவன் நீட்ஷேயைப் படிப்பவன். வீரனுக்குரிய ஒழுக்க நெறி ஒன்றினைத் தனக்கென வகுத்துக்கொண்டவன். சொன்ன சொல்லைக் காத்தல், நண்பனைக் கைவிடாமை என்பன அந்நெறியின் கூறுகள். இவை உயர்ந்த பண்புகளே. எனினும் அவன் காத்து நிற்பது யாது? நஞ்சுப் பொதியொன்றினை. மனித உறவுகளின் மேன்மை முழுவதும் ஒரு பண்டத்தின் காவலுக்குப் பணிக்கப்படுகின்றது. பண்டமானது உயிருள்ளதுபோல மனிதரை ஏவும் நிலையினை மார்க்ஸ் 'பண்ட வழிபாடு' என்றார். இப்படத்திற் பொதி எங்கு செல்கின்றதோ அங்கு மனிதரும் செல்கின்றனர்.

மூன்றாமவன் அந்தெயில். சாதாரணக் குற்றக்கதையில் ஊழல் அதிகாரி ஒரு விதிவிலக்கு. கதையின் முடிவில் நேர்மையான அதிகாரி ஒருவர் தோன்றி அரசின் மானத்தைக் காப்பார். இங்கு அத்தகைய ஒருவர் முக்கியத்துவம் பெறவில்லை. சட்டம் இங்கு வாணிபத்தின் எதிரியாகவன்றி வாணிபப் போட்டியாளனாகவே தோன்றுகின்றது. நாவலின் முடிவில் பொதி அவ்வதிகாரியின் கைக்கே போய்ச் சேருகின்றது.

இவர்களிடையே மார்ஜின் நிலை தனித்து நோக்கத்தக்கது. ஹெரோயினை அவள் நாடுமுன்னரே, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக்கடையிற் கிடைக்கும், அபின் வழிவந்த நோநீக்கி மாத்திரைக்கு அவள் பழக்கப்பட்டவள். மாத்திரை கிடையாதபோது ஹிக்ஸ் அவளுக்குப் பொதியிலுள்ளதைக் கொடுக்கின்றான். சட்டபூர்வமான பண்டத்துக்கும் சட்டவிரோதமான பண்டத்துக்கும் இடையிலுள்ள கோடு எத்துணை மெல்லியது என்பதை இக்காட்சி போதனையின்றி உணர்த்துகின்றது. பிற்காலத்தில், 1996இற் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் என்னும் நோநீக்கியின் விற்பனை தொடர்பாகப் பேடியூ நிறுவனம் 2007இலும் 2020இலும் அமெரிக்க நீதிமன்றங்களிற் குற்றத்தை ஒப்புக்கொண்டமையை அறிந்தோர்க்கு இக்காட்சி மேலும் பொருள் பொதிந்ததாகத் தோன்றும்.

4

இனி, படத்தின் வரையறைகளையும் கூறுதல் விமர்சனக் கடன். அவற்றுள் முதன்மையானது, வியற்நாமிய மக்கள் இதில் இல்லாமையாகும். தொடக்கக் காட்சிகளுக்குப் பின்னர் அவர்களது நாடு திரையிலிருந்து மறைகின்றது; அவர்களது விடுதலைப் போராட்டம் ஒரு பொருளாகவே எழவில்லை. போர் அமெரிக்கரின் ஆன்மாவுக்கு என்ன செய்தது என்பதே வினா. வியற்நாமியரின் உடலுக்கும் மண்ணுக்கும் என்ன செய்தது என்பது வினாவாகவில்லை. 'டாக்ஸி ட்றைவர்' (1976), 'த டீர் ஹன்ரர்' (1978), 'அப்போகலிப்ஸ் நௌ' (1979) முதலான அக்காலப் படங்கள் பலவற்றுக்கும் பொதுவான குறை இது. அமெரிக்காவிலேயே போரை எதிர்த்து ஒழுங்கமைந்த படையினர் இருந்தனர். முன்னாட் படைவீரர் தம் பதக்கங்களை 1971 ஏப்ரலில் வாஷிங்ரனிற் பாராளுமன்றக் கட்டடத்தின் முன் வீசியெறிந்தனர். அக்கூட்டு எதிர்ப்பின் சாயலும் ஹிக்ஸிடம் இல்லை.

ஆயினும் இவ்வின்மையினையே படம் ஒரு தோல்வியாகக் காட்டுகின்றது என்பது எமது கருத்து. இறுதி மோதல் நிகழும் மலை, முன்னர் மாற்று வாழ்வு தேடிய இளைஞர் கூடிக் களித்த இடம். அவர்கள் விட்டுச்சென்ற ஒலிபெருக்கிகளையும் மின்விளக்குகளையுமே ஹிக்ஸ் போர்க்கருவிகளாகப் பயன்படுத்துகின்றான். 1960களின் கனவு எஞ்சவிட்ட கருவிகளைக்கொண்டு வியற்நாம் போர் அமெரிக்க மண்ணில் மீண்டும் நிகழ்த்தப்படுகின்றது. தனித்து நின்று மாற்றுலகம் காண முயன்றோரும் தனித்து நின்று மானம் காக்க முயன்றவனும் ஒரே மலையில் தோற்கின்றனர். இருப்புப்பாதை வழியே காயத்துடன் நடக்கும்போதும் அவன் படைவீரனின் நடையிலேயே நடக்கின்றான். கட்டளையிடுவோர் இல்லாதபோதும் கட்டளை நிற்கவில்லை.

இம்முன்னாட் படைவீரன் பின்னர் என்ன ஆனான் என்பதையும் நோக்குதல் பயனுடைத்து. டேவிட் மொறலின் 1972ஆம் ஆண்டு நாவலில் றம்போ இறந்துபோகின்றான். 1982இல் வெளிவந்த திரைப்படம் அவனை உயிரோடு வைத்தது. 1985இல் வந்த இரண்டாவது படம் அவனை மீண்டும் வியற்நாமுக்கே அனுப்பித் தோற்ற போரை வெல்ல வைத்தது. றேகன் ஆட்சிக்கால அமெரிக்காவுக்கு, தன் போரின் விளைபொருளைத் தன் வீட்டு வாயிலிற் கொண்டுவந்து இறக்கிய ஹிக்ஸ் தேவைப்படவில்லை. கணக்குத் தீர்க்கும் வீரனே தேவைப்பட்டான்.

எனவே, குற்றக்கதை என்பதனாலேயே ஒரு படைப்பினைத் தள்ளிவிடுதலும், கலைநயம் உண்டென்பதனாலேயே அதனை வரலாற்றுக்கு அப்பாற்பட்டதாக்குதலும் ஒருங்கே தவிர்க்கப்படல் வேண்டும். நாம் கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை: பொதியை யார் அனுப்பினார்? யார் சுமந்தார்? யார் இலாபமடைந்தார்? யார் இறந்தார்? இவ்வினாக்களை எழுப்புவதற்கு இடந்தரும் குற்றக்கதை, போரைப் புகழும் பெருங்காவியங்கள் பலவற்றினும் மேலானது. றைஸின் படம் அவ்வினாக்களுக்கு முழுமையான விடை தரவில்லை. எனினும் அவற்றை மறைக்கவும் இல்லை. அதன் யதார்த்தத்தின் வலிமையும் எல்லையும் அதுவே.